ஆபரேஷனும் பிரஷர் மாத்திரையும்: ஒரு தவறான பத்தியம்

நாரணாபுரத்திலும் அதைச் சூழ்ந்துள்ள சிவகாசி வட்டாரத்து ஊர்களிலும், நடுவயதைத் தாண்டிய ஒருவருக்குக் குடலிறக்கத்திற்கோ, கர்ப்பப்பை நீக்கத்திற்கோ, எலும்பு முறிவுக்கோ ஆபரேஷன் தேதி குறிக்கப்பட்டுவிட்டால், அந்தச் செய்தியோடு கூடவே ஒரு புத்திமதியும் வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. "பிரஷர் மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடு, மயக்க ஊசியும் பிரஷர் மாத்திரையும் ஒன்று சேர்ந்தால் இருதயம் தாங்காது" என்பதே அது. பட்டாசு ஆபீஸில் உடன் வேலை செய்கிறவர்கள் அதைச் சொல்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் சொல்கிறார். முன்னொரு காலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு நலமாகத் திரும்பிய சித்தி, தன் நலத்துக்கே அந்தப் பத்தியம்தான் காரணம் என்பதுபோல் சொல்கிறாள். "நாளைக்கு வெறும் வயிறு, ஒரு மாத்திரையும் போடக் கூடாது" என்று ஒரே மூச்சில் உத்தரவிட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிற ஆஸ்பத்திரி ஊழியர்களும் இந்த நம்பிக்கைக்கு அதிகாரத்தின் பலத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த அபிப்பிராயம் நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்லெண்ணத்தில் பிறந்த காரணத்தினால் மட்டும் ஒரு கருத்து உண்மையாகிவிடுவதில்லை. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஔஷதங்கள் யாவும் ஒரே ஜாதி என்றும், இருதயத்தைப் பலவீனப்படுத்தித்தான் அவை அழுத்தத்தைக் குறைக்கின்றன என்றும், ஆகவே மயக்க மருந்து கொடுக்குமுன் அவற்றை விலக்கிவிடுவதே க்ஷேமம் என்றும் கருதுகிற மூன்று அநுமானங்கள் இதனுள் மறைந்து கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் மூன்றும் நிலைக்கவில்லை என்பதோடு, மூன்றாவது அநுமானம் சிலரை மரண அபாயத்துக்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதும் விளங்கும்.

முதலில் இந்த அச்சத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுவது நியாயம். ஏனெனில் அது முற்றிலும் ஆதாரமற்ற கற்பனையாகத் தோன்றியதன்று. சர்ப்பகந்தா என்ற மூலிகை, சித்தப்பிரமைக்கும் உயர்ந்த இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுகிறது என்று 1931-ல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949-ல் பம்பாய் இருதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், பிரிட்டிஷ் இருதயச் சஞ்சிகையில் தம் அநுபவத்தை வெளியிட்டு உலகத்தின் கவனத்தை அதன்பால் திருப்பினார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதன் வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தனர். நம் மண்ணின் மூலிகை உலக வைத்தியத்தில் ஏறிய அந்த ஆண்டுகளிலேயே, மான்செஸ்டரில் 1956-ல் மைக்கேல் ஜான்ஸ்டோன் ஹாலோதேன் என்ற புதிய மயக்க வாயுவை நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அதே 1956-ல்தான், ரெசர்பின் உட்கொண்டிருந்த சிலருக்கு மயக்கத்தின்போது இரத்த அழுத்தம் கடுமையாக வீழ்ந்ததையும் நாடி மந்தமானதையும் அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் மூன்று வைத்தியர்கள் எடுத்துரைத்தனர். ஆபரேஷனுக்கு இரண்டு வாரங்கள் முன்பே மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது.

அந்த விதிக்குக் காரணம் இருந்தது. ரெசர்பின், நரம்பு நுனிகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நாரட்ரினலினைக் காலி செய்துவிடும் மருந்து. அந்தச் சேமிப்பு மீண்டும் நிரம்பப் பல நாட்கள் ஆகும். அழுத்தம் வீழ்ந்தபோது, அந்தச் சேமிப்பைக் கிளறிவிட்டு வேலை செய்கிற எபிட்ரின் போன்ற மருந்தைக் கொடுத்தால், கிளறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாமையால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆயினும் 1960-களில், ரெசர்பின் உட்கொண்டவர்களையும் உட்கொள்ளாதவர்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்ட ஆராய்ச்சிகள் இருசாராருக்கும் இடையில் அஞ்சத்தக்க வேற்றுமையைக் காணவில்லை. இரத்தக் குழாய் மீது நேரடியாகச் செயற்படும் மருந்தைத் தேர்ந்தெடுத்தால் அழுத்தத்தை உயர்த்திவிடலாம் என்பதும் தெரிந்துபோயிற்று. மருந்தை நிறுத்துவதைவிட, மருந்தை அறிந்து வைத்தியம் செய்வதே வழி என்ற பாடத்தை வைத்திய உலகம் அப்போதே கற்றது. ரெசர்பின் இன்று அநேகமாக வழக்கொழிந்துவிட்டது; அதற்காக வகுக்கப்பட்ட விதி மட்டும், தன் காரணத்தை இழந்த பின்பும், வேறு மருந்துகளின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

இனி, பிரஷர் மாத்திரை இருதயத்தைப் பலவீனப்படுத்துகிறது என்ற வாதத்துக்கு வருவோம். இரத்த அழுத்தம் வேறு, இருதயத்தின் திறன் வேறு என்ற பேதத்தை அறியாமையே இதற்கு மூலம். கரிசல் காட்டில் கிணற்று மோட்டார் வைத்திருக்கிற எவரும், குழாயின் வாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், வெளியே தண்ணீர் குறையும், மோட்டார் சூடேறும் என்பதை அறிவார். அழுத்தம் ஏறியதைப் பார்த்து மோட்டாருக்கு வலிமை கூடிவிட்டது என்று அவர் சந்தோஷப்படுவதில்லை. இருதயம் நிமிஷத்துக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவும், அதை ஏற்கும் சிறு தமனிகளின் எதிர்ப்பும் சேர்ந்தே அழுத்தமாகின்றன. உயர் இரத்த அழுத்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு மிகுந்திருப்பது அந்த எதிர்ப்புதான். எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற மருந்துகள் அந்த எதிர்ப்பைத் தளர்த்தி இருதயத்தின் சுமையை இறக்குகின்றன. 1987-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் கடுமையான இருதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு எனலாப்ரில் கொடுத்துப் பார்த்தபோது மரணம் குறைந்தது என்ற ஒரு செய்தியே, இந்த மாத்திரை இருதயத்தை வாட்டுகிறது என்ற வாதத்தை மறுக்கப் போதுமானது. அம்லோடிபின் தமனிச் சுவர்களையே முதன்மையாகத் தளர்த்துகிறது. வழக்கமான அளவில் இருதயத் தசையை அது பெரிதாகத் தொடுவதில்லை.

அட்டெனலாலும் மெட்டோபிரலாலும் இருதயத் துடிப்பின் வேகத்தையும் விசையையும் உண்மையிலேயே குறைக்கின்றன. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குறைவு யாருக்கு நஷ்டம்? இடது இருதய அறையின் தசைக்கு இரத்தம் பாய்வது பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வு வேளையில்தான். நாடி வேகமெடுத்தால் அந்த ஓய்வு வேளை சுருங்கிவிடும். தசையின் பிராணவாயுத் தேவையோ அதே சமயத்தில் ஏறிவிடும். மூச்சுக்குழாயில் குழாயைச் செலுத்தும் கணத்திலும், கத்தி பட்ட கணத்திலும், மயக்கம் தெளியும் வேளையிலும் நாடியும் அழுத்தமும் ஒருங்கே பாய்ந்தேறும் என்பது மயக்க வைத்தியர் ஒவ்வொருவரும் அன்றாடம் காணும் பிரத்தியட்சம். அந்தப் பாய்ச்சலுக்குக் கடிவாளம் போடுகிற மருந்தைத்தான், இருதயத்துக்குச் சத்துரு என்று எண்ணி, அது மிகவும் வேண்டப்படும் நாளில் நாம் பிடுங்கிவிடுகிறோம். வெராபமில், டில்டியாசம் என்ற இரு மருந்துகள் மட்டும் இருதயத்தின் விசையையும் அதனுள் ஓடும் மின்னோட்டத்தையும் மயக்க வாயுக்களோடு சேர்ந்து மேலும் மந்தப்படுத்தக்கூடும். அவற்றை உட்கொள்கிறவர் அதை மயக்க வைத்தியரிடம் தவறாமல் சொல்ல வேண்டும் என்பதே அதிலிருந்து கிடைக்கும் நீதி.

மாத்திரை போடாதவருடைய அழுத்தம் மயக்கத்தில் வீழாது என்று எண்ணுவோர், ஆக்ஸ்போர்டில் ப்ரிஸ்-ராபர்ட்ஸ், மெலோஷ், ஃபோயெக்ஸ் ஆகிய மூவரும் 1971-ல் பிரிட்டிஷ் மயக்கவியல் சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியை அறிந்துகொள்ள வேண்டும். சாதாரண அழுத்தமுள்ளவர்கள், சிகிச்சை பெற்ற உயர் அழுத்தக்காரர்கள், சிகிச்சை பெறாத உயர் அழுத்தக்காரர்கள் ஆகியோரை மயக்கத்தின்கீழ் அவர்கள் அளந்து பார்த்தார்கள். மயக்கம் தொடங்கியதும் பெருத்த வீழ்ச்சி கண்டதும், இருதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளங்களை மின்வரைபடத்தில் காட்டியதும், அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருந்தவர்களிடத்தில்தான். காரணம் சிக்கலானதன்று. பல ஆண்டுகளாக உயர் அழுத்தத்தை எதிர்த்து உழைத்த இருதயச் சுவர் தடித்து விறைத்திருக்கும். அதை நிரப்பத் திரும்பிவரும் இரத்தம் சிறிது குறைந்தாலும் அது தள்ளும் அளவு சட்டென்று குறைந்துவிடும். தமனிகள் இறுகி, இரத்தக் குழாய்களில் ஓடும் நீரளவும் சுருங்கியிருக்கும். முதுகுத்தண்டில் ஊசி போட்டதும் கீழுடலின் குழாய்கள் விரிந்து இரத்தம் அங்கே தேங்கினால், இறுக்கத்தையே நம்பியிருந்த அந்த உடம்பு திகைத்துப் போகிறது. மூளையும் சிறுநீரகமும் உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிவிட்டதால், பிறருக்குப் போதுமான அழுத்தம் இவருக்குப் போதாமற் போகிறது. ஆகவே நிறுத்தப்பட்ட மாத்திரை வீழ்ச்சியைத் தடுப்பதில்லை. ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் ஒருங்கே பெரிதாக்குகிறது.

மேலும், இந்தப் பத்தியம் ஒரே உத்தரவாக இருந்தாலும் மருந்துக்கு மருந்து அது தரும் பலன் வேறாகிறது. அம்லோடிபினில் பாதி உடம்பை விட்டு நீங்குவதற்கே ஒரு நாளுக்குமேல் ஆகும். காலையில் ஒரு மாத்திரையை விட்டதனால் மயக்க வேளையில் அதன் செயல் விலகிவிடப் போவதில்லை. அங்கே இந்தப் பத்தியம் வீண். அட்டெனலால், மெட்டோபிரலால், புரோப்ரனலால், குளோனிடின் ஆகியவற்றிலோ அது அபாயம். புரோப்ரனலால் புதிதாயிருந்த காலத்தில், 1972-ல், இருதய சஸ்திர சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்துமாறு அமெரிக்காவின் கிளீவ்லாந்து வைத்தியர்கள் சிபாரிசு செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், திடீரென நிறுத்தப்பட்டவர்களுக்கு மார்வலி பன்மடங்காகத் திரும்புவதும், மாரடைப்பும் மரணமும் நேர்வதும் வெளிப்பட்டன. 1975-ல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகை அதை ஒரு தனி ஆபத்தாகவே பதிவு செய்தது. அந்த மருந்து பூட்டி வைத்த, அட்ரினலினை ஏற்கும் ஏற்பிகள் காலப்போக்கில் பெருகிவிடுகின்றன. மருந்து திடீரென விலகியதும் உடம்பின் அட்ரினலின் அத்தனையின் மீதும் ஒரேயடியாகப் பாய்கிறது. குளோனிடினை நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளாகவே அழுத்தம் முன்னிலும் அதிகமாக எகிறிவிடும். ஆபரேஷனுக்கு முந்தின இரவின் பயமும், ஆபரேஷனுக்குப் பிந்தின வலியும் அட்ரினலினைக் கொட்டும் அந்த நாட்களைத்தானா இந்தப் பரீட்சைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

எதிர்த்தரப்பாரிடம் வலுவான வாதங்கள் இரண்டு உண்டு. அவற்றை மழுப்பிவிட்டுப் போவது மறுப்புக்கு அழகன்று. எனலாப்ரில், லோசார்டன் வகையைச் சேர்ந்த மருந்துகள், மயக்கம் நரம்புகளின் காவலை அகற்றிவிட்ட வேளையில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மற்றொரு காவலையும் அகற்றுகின்றன என்பதும், அப்போது அழுத்தம் கூடுதலாக வீழ்கிறது என்பதும் உண்மையே. 2024-ல் பிரான்சில் 2222 பேரிடம் நடந்த பரிசோதனையில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 54 சதவீதத்தினருக்கும், 48 மணி நேரம் முன்பே நிறுத்தியவர்களில் 41 சதவீதத்தினருக்கும் மயக்கத்தில் அழுத்தம் வீழ்ந்தது. ஆனால் அந்தப் பரிசோதனையின் பிரதானக் கேள்விக்குக் கிடைத்த விடையை ஏன் மறைக்க வேண்டும்? மரணத்தையும் பெரிய சிக்கல்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இரு தரப்பிலும் 22 சதவீதமே வந்தது. வீழ்ந்த அழுத்தத்தை, பக்கத்திலேயே நிற்கிற மயக்க வைத்தியர் திரவத்தாலும் மருந்தாலும் தூக்கி நிறுத்திவிட்டார். இந்த வகை மருந்தைச் சிலருக்கு முந்தின நாளே நிறுத்தலாம் என்று சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. இருதயச் செயலிழப்புக்காக உட்கொள்கிறவர் தொடரலாம் என்றும் அவை சொல்கின்றன. இது ஆளைப் பார்த்து வைத்தியர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஒரு வகை மருந்தைப் பற்றிய இந்த நியாயமான தயக்கத்தை எல்லா மருந்துகளுக்கும் பொது விதியாக்குவதையே நான் மறுக்கிறேன்.

இரண்டாவது வாதம், 2008-ல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்த பெரும் பரிசோதனை. பல நாடுகளில் 8351 பேரிடம் நடந்த அதில், மெட்டோபிரலால் பெற்றவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது. ஆனால் மரணம் 2.3 சதவீதத்திலிருந்து 3.1 ஆகவும், பக்கவாதம் 0.5-லிருந்து 1.0 ஆகவும் ஏறின. இதைப் பார்த்தவுடன், அந்த மாத்திரை மயக்கத்தில் கொல்கிறது என்று சொல்லிவிடத் தோன்றும். அந்தப் பரிசோதனையில் சேர்ந்தவர்களோ அந்த வகை மருந்தை அதற்குமுன் உட்கொண்டிராதவர்கள். ஆபரேஷனுக்குச் சில மணி நேரமே இருக்கையில் பெரிய அளவில் புதிதாக அது அவர்களுக்குத் தொடங்கப்பட்டது. பழகாத உடம்பில் அவசரமாகப் புகுத்துவது தவறு என்பதை அது நிரூபிக்கிறது. பழகிய உடம்பிலிருந்து அவசரமாகப் பிடுங்குவது சரி என்பதை அது எவ்விதத்திலும் நிரூபிக்கவில்லை. புகுத்துவதும் பிடுங்குவதும் திடீர் மாற்றமாகையால், இரண்டும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்களே.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு விதிவிலக்கையும் இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட அன்று, வெந்த உடல்களோடு சிவகாசிக்கும் விருதுநகருக்கும் மதுரைக்கும் மக்கள் ஓடியதை இந்த மண் மறக்கவில்லை. பெருந்தீக்காயத்தில் முதல் இரண்டு நாட்கள் உடம்பின் நீர் வெந்த தோல் வழியாகவும் வீக்கத்திலும் ஆறாகப் போகிறது. அப்போது அழுத்தத்தைத் தாங்குவது திரவம் ஒன்றே. அந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு எனலாப்ரிலையோ சிறுநீர் பெருக்கும் மாத்திரையையோ தொடர்வது பிழை. இரத்தம் கொட்டுகிறவருக்கும், வாந்திபேதியில் வற்றியவருக்கும் அவ்வாறே. இதை ஒப்புக்கொள்வதால் என் கட்சி தளர்ந்துவிடாது. நிறுத்துவதானாலும் காரணம் தெரிந்து நிறுத்த வேண்டும் என்பதே என் கட்சி. மேலும், அந்த முதற்கட்டம் கடந்தபின் நடப்பதைப் பாருங்கள். தீக்காயம்பட்ட உடம்பு வாரக்கணக்கில் அட்ரினலினில் மிதந்து, நாடி ஓட, தன் தசையையே எரித்துத் தின்கிறது. 2001-ல் அமெரிக்காவின் கால்வெஸ்டனில் டேவிட் ஹெர்ன்டனும் அவருடைய சகாக்களும் கடும் தீக்காயம்பட்ட குழந்தைகளுக்குப் புரோப்ரனலால் கொடுத்து நாடியைத் தணித்தபோது, அந்தத் தசை அழிவு தடுக்கப்பட்டது. தோல் ஒட்டுவதற்காக மறுபடியும் மறுபடியும் மயக்க மேஜைக்குப் போக நேர்கிற அந்தக் குழந்தைகளின் உடம்பைக் காத்தது, இருதயத்தைப் பலவீனப்படுத்துவதாக நாம் பழி சுமத்துகிற அதே வகை மருந்து.

இந்தப் பத்தியம் உயிராபத்தாக முடியாதபோதும் அது ஏழையின் பணத்தையும் நாளையும் தின்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு, இரவெல்லாம் பயந்து விழித்திருந்து, காலையில் வந்து படுத்தவருடைய கையில் பட்டையைக் கட்டினால் எண் உயர்ந்துதான் நிற்கும், உடனே "பிரஷர் அதிகம், அடுத்த வாரம் வா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கண்புரைக்காக மதுரைக்குப் பஸ் ஏறிய கிழவியும், துணைக்கு வந்து ஒரு நாள் கூலியை இழந்த மகளும் அப்படியே திரும்புகிறார்கள். 1979-லேயே போஸ்டனில் கோல்ட்மனும் கால்டெராவும், மிதமான உயர் அழுத்தம் ஒன்றே ஆபரேஷனைத் தள்ளிப்போடக் காரணமாகாது என்று காட்டினார்கள். 2016-ல் பிரிட்டனின் மயக்க வைத்தியர்களும் இரத்த அழுத்த வைத்தியர்களும் சேர்ந்து வகுத்த நெறிப்படி, முந்தின 12 மாதங்களில் ஊர் வைத்தியர் எடுத்த அளவு 160-க்கு 100-க்குக் கீழே இருந்தால் அதுவே போதும்; அத்தகைய பதிவு இல்லாதபோது, ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் அளவு 180-க்கு 110-க்குக் கீழே இருந்தால் தொடரலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டு வாசலுக்கே பிரஷர் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கிறது. நேரில் அளந்து குறிக்கவும் செய்கிறது. அந்தக் குறிப்பு ஆபரேஷன் மேஜைவரை வந்து சேர்ந்தால், ஒரு காலையின் பயத்தில் எடுத்த ஓர் எண் ஒரு வருஷத்து வைத்தியத்தைத் தோற்கடிக்க முடியாது. அரசு வாசல்வரை கொண்டுவந்த மாத்திரையை ஆபரேஷனுக்கு முந்தின நாள் அறியாமை தட்டிப் பறிப்பது எவ்வளவு பெரிய முரண்பாடு!

வெறும் வயிறு என்ற கட்டளையும் இதற்குத் தடையன்று. மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கட்டளை. தெளிந்த நீரை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை அருந்தலாம் என்று உலகெங்கும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரையை விழுங்க ஒரு மடக்குத் தண்ணீர் எந்த விரதத்தையும் முறித்துவிடாது.

ஆகையால் நாரணாபுரத்தின் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஆபரேஷன் தேதி கிடைத்ததும் மாத்திரை அட்டைகளையும் சுகாதார நிலையத்துப் புத்தகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு மயக்க மருந்து டாக்டரைப் பாருங்கள். எந்த மாத்திரையை அன்று காலையில் போட வேண்டும், எதை விட வேண்டும், விட்டதை என்றைக்கு மறுபடி தொடங்க வேண்டும் என்ற மூன்றையும் காகிதத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். மூன்றாவது கேள்வி மற்ற இரண்டைவிடக் குறைந்ததன்று. ஏனெனில் நிறுத்தியது நிறுத்தியபடியே வீடு திரும்பி, சில வாரங்களில் பக்கவாதத்தோடு மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர நேர்வதும் இந்தப் பத்தியத்தின் விளைவே. மயக்க மருந்து டாக்டரைத் தவிர வேறு யார் சொன்னாலும், சொல்கிறவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும், மாத்திரையை உங்களிஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிகளை நடத்துகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவதும் உண்டு: "மாத்திரை எதுவும் போடாதே" என்ற வாய்மொழி உத்தரவைக் கைவிட்டு, மருந்தின் பெயரைச் சொல்லிப் பேசும் உத்தரவை வார்டில் கட்டாயமாக்குங்கள். அதற்குப் புதிய யந்திரமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. ஒரு காகிதமும், கேட்பதற்கு ஐந்து நிமிஷமும், எழுபது ஆண்டுப் பழைய ஓர் அச்சத்தை இன்றைய உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மனமும் இருந்தால் போதும்.